சத்தமே கேட்காத வீடு

எங்கள் சந்துக்கு யாராவது வந்து யாரையாவது பற்றி விசாரித்தால் உண்மையைச் சொல்லுகிற வழக்கம் இங்கே கிடையாது. உடனே எங்களைப் பொய்யர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாலில் தண்ணீர் கூடினால் பால்காரரை நடுத்தெருவில் நிறுத்தி நியாயம் கேட்கிறவர்கள்தான் எல்லோரும். ஆனால் விசாரணை என்றால் இவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கல்யாண விசாரணை. பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி, மலையாளத்து ஊரில் தமிழர்கள் குடியிருக்கிற எங்கள் வலியசாலைக்குள் நுழைவார்கள். பூக்கடையில் ஒரு முழம் வாங்கிக்கொண்டே, "அந்த வீட்டுக்காரங்க எப்படி?" என்று பைய ஆரம்பிப்பார்கள். உடனே மொத்தத் தெருவும் ஒரே குரலில் சொல்லும்: "தங்கமான குடும்பம். சத்தமே கேட்காது." மாப்பிள்ளைக்கு வயசு குறையும், சம்பளம் கூடும். சர்க்கரை வியாதி, பிரஷர் எல்லாம் அந்த வீட்டுப் படியே ஏறியிருக்காது. இன்றைக்கு உன் வீட்டுக்கு நான் சொல்கிறேன், நாளைக்கு என் வீட்டுக்கு நீ சொல்லு என்கிற ஏற்பாடு. இப்படிச் சொல்லிச் சொல்லியே இங்கே எத்தனையோ கழுத்தில் தாலி ஏறியிருக்கிறது.

எங்கள் வீட்டைப் பற்றி விசாரிக்க ஆள் வந்தபோதும் தெரு தன் கடமையைச் செய்தது. வந்தது கல்யாணத்துக்கு இல்லை, ஒரு குழந்தைக்கு. அங்கேதான் எல்லாம் கோளாறாகிவிட்டது.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை கிடையாது. அதற்காக அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்துவிட்டு, மற்றவர்கள் கேட்டால் பேச்சை மாற்றவும் பழகியிருந்தோம். அவருக்கு ஆரியசாலையில் ஒரு மிளகாய் வத்தல் மொத்தக்கடையில் கணக்கு வேலை. ஒருநாள் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பேப்பரிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். இல்லங்களில் வளருகிற குழந்தைகளைக் கோடை விடுமுறைக்கு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் குடும்பங்கள் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. தத்து இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். எல்லோருக்கும் ஒத்துப்போனால் அதிகாரிகள் பார்த்து நீட்டித்துத் தருவார்கள் என்று கடைசி வரியில் இருந்தது. அந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் மாறி மாறிப் படித்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் சண்டை இல்லை.

இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நாங்கள் இரண்டு பேரும் தொண்டை பெருத்தவர்கள். அவர் லாரியில் மூட்டை ஏற்றுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கணக்குச் சொல்லிப் பழகியவர். நான் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிறவள். நாகர்கோவில் பக்கத்து ரத்தம் வேறே. தினமும் சாயங்காலம் ஏதாவது ஒன்று கிடைக்கும். ஃபேனை யார் அணைக்கவில்லை, தேங்காயை யார் கோணலாக உடைத்தது, அவருடைய அக்கா என்னுடைய சேலையைப் பார்த்து என்ன சொன்னாள். ஏறிக்கொண்டே போய் உச்சிக்கு வந்ததும் அவர் விருட்டென்று எழுந்து, வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு ஜங்ஷன் டீக்கடைக்குப் போய்விடுவார். டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது கையில் பழம்பொரிப் பொட்டலம் இருக்கும், இங்கத்து வாழைப்பழ பஜ்ஜி. பொட்டலத்தைப் பார்த்ததும் எனக்கு எதற்குச் சண்டை போட்டோம் என்பது மறந்துபோகும். எதிர்வீட்டு மாமிக்கு இரண்டு கொடுத்தனுப்புவேன். இதுதான் எங்கள் குடும்பம்.

விண்ணப்பம் கொடுத்ததும் முதலில் ஒரு வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். எங்களை மாதிரி வந்திருந்த தம்பதிகளுக்கு ஒரு அம்மாள் பாடம் நடத்தினாள். குழந்தையின் பழைய கதையைக் குடைந்து கேட்கக் கூடாது. போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடக் கூடாது. அடிக்கக் கூடாது. இதெல்லாம் நியாயம்தான், தலையாட்டினேன். அப்புறம் சொன்னாள், வாயால் மிரட்டவும் கூடாதாம். "கொன்னுருவேன், தோலை உரிச்சிருவேன், காலை ஒடிச்சிருவேன்" என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார். எம்மாடி! எங்கள் ஊரில் இது மிரட்டலா? சாப்பிடக் கூப்பிடுகிற பேச்சு அது. "சாப்பிட வாறியா, காலை ஒடிக்கவா" என்றுதான் எங்கம்மா என்னை வளர்த்தாள். இதையெல்லாம் எடுத்துவிட்டால் ஒரு பிள்ளையிடம் பேச என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். "ஊமையா இரு, நல்லாத்தான் இருக்கும்" என்றார் இவர். அதற்கு அங்கேயே, பஸ்ஸிலேயே, ஒரு சண்டை நடந்தது.

பிறகு ஒரு நாள் ஆபீசர் வீட்டைப் பார்க்க வந்தாள். ஹோம் ஸ்டடி என்று பேர் அதற்கு. ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால், முப்பது வயசுகூட இருக்காது, மலையாளத்துப் பெண். எங்களுக்காகத் தமிழில் பேசினாள், பாதியில் மலையாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே எல்லோரும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான்.

காலையிலேயே இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாயை ஒரு மாதிரி குவித்துக்கொண்டு நடமாடினார். ஆபீசர் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "நீங்களும் இங்க வந்து உக்காருங்களேம்மா" என்றார். நீங்களா! கல்யாணமான நாளிலிருந்து "ஏட்டீ" தவிர வேறு கேட்டறியாத காது. எனக்குப் புரையேறிவிட்டது. நானும் விடுவேனா? "பரவாயில்லைங்க, நீங்க பேசுங்க, நான் காப்பி கொண்டாறேன்" என்று குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனேன்.

"நிங்ஙள் ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களா?" என்று கேட்டாள் ஆபீசர்.

"சண்டையா?" என்றார் இவர், அது ஏதோ வெளிநாட்டுப் பண்டம் மாதிரி. "எங்களுக்குள்ளயா? அப்படியெல்லாம் பழக்கம் இல்லீங்க."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, அக்கம்பக்கத்தில் கொஞ்சம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் எதிர்வீட்டு மாமி. இந்தத் தெருவில் கல்யாண விசாரணைக்கெல்லாம் தலைமைப் பீடம் மாமிதான். பெண்ணைப் பற்றி மாமி சொன்ன சொல்லுக்கு மேலே யாரும் போக மாட்டார்கள். ஆபீசரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, மாமி கைகளை விரித்து விரித்துப் பேசுவது தெரிந்தது. "மாமி பார்த்துக்கிடுவா" என்று இவர் நிம்மதியாக மூச்சு விட்டார். மாமிக்கு அடுத்து பக்கத்து வீடு, அப்புறம் பூக்கடை, அப்புறம் முனையில் அரிசி மாவு மில். எல்லா இடத்திலும் தலைகள் ஒரே மாதிரி ஆடின.

திரும்பி வந்தபோது ஆபீசரின் முகம் சரியில்லை. காப்பியைத் தொடவில்லை.

"சேச்சி, ஒரு விஷயம் கேக்கட்டே? சாருக்கு ஆதார்ல அம்பத்திரண்டு வயசு. எதிர்வீட்டு மாமி நாப்பத்திமூணுன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்ல சார்தான் கடை முதலாளின்னு சொல்றாங்க. மில்லுல உள்ளவர், இந்த வீட்டுப் படியில முட்டைகூட ஏறாதுன்னு சத்தியம் பண்றார். நான் உள்ள வரும்போதே நெத்திலி வறுத்த மணம்."

எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோயில் தெருவை ஒட்டிய சந்தில் மீன் வறுக்கிறோம் என்பது மாமிக்குத் தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். இத்தனை வருஷமாக இரண்டு பக்கமும் மூச்சு விட்டதில்லை.

"வயசு, மீன் இதெல்லாம் சாரமில்ல, விடுங்க," என்றாள். "ஆனா எல்லா வீட்டிலும் ஒரே வாக்கு சொல்றாங்க. சத்தமே கேட்காதுன்னு. மாறாம அதே வாக்கு. அதுதான் எனக்குப் பேடி, பயம்." பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஒரு குழந்தையைக் காயத்தோட நாங்க வெளிய கொண்டுவந்தோம், வேற ஒரு இடத்துல. அந்த வீட்டைப் பத்தியும் அக்கம்பக்கத்துல இதையேதான் சொன்னாங்க. நல்ல ஆள்கள், சத்தமே கேட்காது." ஃபைலை மூடிப் பைக்குள் வைத்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு. உள்ளறையில் பிள்ளைக்கென்று ஒதுக்கிய கட்டிலுக்கு மஞ்சள் விரிப்பு வாங்கிப் போட்டிருந்தேன். மற்ற நேரமாக இருந்தால் அழுதிருப்பேன். ஆனால் எனக்கு அழுகை வருவதற்கு ஒரு நொடி முன்னால் எப்போதும் கோபம் வந்துவிடும்.

"மாமிகிட்ட வயசைக் குறைச்சுச் சொல்லச் சொன்னது நீங்கதானே?" என்றேன்.

"ஏட்டீ, நானா? எனக்கு என்ன ரெண்டாங்கல்யாணமா நடக்குது?"

"பொறவு மாமி கனவா கண்டா? நாப்பத்திமூணாம்! கண்ணாடியில மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?"

"நெத்திலி வறுக்காதேன்னு காலையிலேயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? சவம், கேட்டியா நீ? ஆபீசர் வாற அன்னைக்குத்தான் உனக்கு நாக்கு ஊறும்!"

"யாரு தின்னா அதை? நேத்தே வாங்கியாச்சு, அழுகட்டும்னு விடவா? அடுப்படியில நின்னே பாதியத் தின்னது யாரு?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம், நீங்க வாங்க போங்க என்று மென்று விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. ஆபீசர் ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. சண்டை மிக்ஸியைத் தொட்டது, அவர் அக்காவைத் தொட்டது, என் அண்ணன் கல்யாணத்தில் பரிமாறிய உப்பில்லாத அவியலையும் தொட்டது. அப்போது எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. மாமி தெருவைக் கடந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"ஏன் இப்படிக் கத்தறேள்! நான் சத்தமே கேட்காதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்!"

ஆபீசர் முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சிரித்து முடித்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்துவிட்டு, ஃபைலை மறுபடியும் வெளியே எடுத்தாள்.

"மாமி, இப்ப சத்தியம் சொல்லணும். இங்க அடி உண்டா?"

"அடியா?" மாமி உண்மையிலேயே அதிர்ந்துபோனாள். "அதெல்லாம் கிடையாதும்மா. வாய்தான். ரெண்டு பேருக்கும் வாய்க்குப் பூட்டு கிடையாது. அப்புறம் இவர் செருப்பை மாட்டிண்டு டீக்கடைக்குப் போயிடுவார். வரச்சே பழம்பொரி வாங்கிண்டு வருவார். சண்டைன்னா எங்காத்துக்கும் ரெண்டு வரும்."

மாமி தன் வாழ்நாளில் விசாரணைக்கு வந்தவரிடம் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். ஆபீசர் அதை வரிவிடாமல் எழுதிக்கொண்டாள். மாமிக்குத்தான் மனசே ஆறவில்லை, தன் பேரைக் கெடுத்துவிட்டோம் என்று ரொம்ப நாள் எங்கள் பழம்பொரியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள்.

அனுமதி கிடைத்தது, பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்ததும் பிள்ளை வந்தாள். எட்டு வயசுப் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை, அதனால் தமிழ் வீடாகப் பார்த்தோம் என்று மட்டும் ஆபீசர் சொன்னாள். மேற்கொண்டு நாங்களும் கேட்கவில்லை. இல்லத்தில் வளர்ந்ததால் எங்களிடம் மலையாளமும் தமிழுமாகக் கலந்துதான் பேசினாள். பேசினாள் என்ன பேசினாள், கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஒரு நீலப் பை வைத்திருந்தாள். அலமாரியில் இடம் ஒழித்துக் கொடுத்தும் அதிலிருந்து ஒரு துணியைக்கூட வெளியே வைக்கவில்லை. தலைமாட்டில் பையோடுதான் தூங்கினாள்.

பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று நாங்கள் சண்டையை நிறுத்தினோம். எம்மாடி, அந்த நாட்கள்! இவர் வாயை மூடி மூடி முகமே வீங்கின மாதிரி ஆகிவிட்டது. நான் பாத்திரத்தைக்கூட சத்தமில்லாமல் கழுவினேன். மாமி பொறுக்க முடியாமல் கோபத்தையும் மறந்து வந்து, "ஏன், உடம்பு சரியில்லையா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எத்தனை நாளைக்குத்தான்? ஒரு நாள் குக்கர் மூன்று விசில் அடித்ததும் அணைக்க இவரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பருப்பு கருகி வீடெல்லாம் புகை. இவர் செல்லில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விசிலே வரவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சாதிக்கிறார்! பிடித்தது சண்டை. நடக்க வேண்டியதெல்லாம் நடந்து, உச்சிக்கு வந்து, இவர் விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனார். போனவர் நின்றுவிட்டார்.

"ஏட்டீ, என் செருப்பு எங்க?"

செருப்பைக் காணோம். தெருநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நாயைத் திட்டினார். கோபத்தில் கிளம்பிவிட்டு வாசலோடு திரும்புவது கௌரவக் குறைச்சல் இல்லையா? என்னுடைய செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, குதிகால் பாதி தரையில் உரச, பூப்போட்ட வாருடன் ஜங்ஷன்வரை போய் டீ குடித்துவிட்டு வந்தார். டீக்கடைக்காரர் இன்றைக்கும் அதை விடவில்லை. மறுநாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் இரண்டு செருப்பும் கிடைத்தன. நான்தான் ஒளித்துவைத்தேன் என்று அதற்கு ஒரு சண்டை. மறுபடியும் செருப்பைக் காணோம். அந்தத் தடவை வாஷிங் மெஷினுக்குள் இருந்தது. நாய் வாஷிங் மெஷினைத் திறக்காதே என்று அப்போதுதான் எங்கள் மூளைக்கு எட்டியது.

அடுத்த தடவை நான் கத்திக்கொண்டே ஒரு கண்ணை வாசல்பக்கம் வைத்திருந்தேன். எங்கள் குரல் ஏற ஆரம்பித்ததும், படம் வரைந்துகொண்டிருந்தவள் கிரேயானை டப்பாவில் போட்டு மூடினாள். சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பு இரண்டையும் எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நீலப் பைக்குள் செருப்பைத் திணித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மக்களே இது? செருப்பு எதுக்கு?"

என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "செருப்பில்லாம அங்கிள் போக முடியாதல்லோ."

அன்றைக்கே ஆபீசருக்குப் போன் செய்து சொன்னேன். "நான் இது சொல்லக் கூடாது, ஆனா நிங்ஙளுக்குத் தெரியணும்" என்று ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளையின் அப்பா ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர். திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை.

போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். இவரிடம் சொன்னபோது, போய் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். நாங்கள் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்த ஒரு காரியம் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

சண்டையே வேண்டாம் என்று தீர்மானித்தோம். அது மறுநாள் சாயங்காலம்வரை நின்றது. பிறவிக் குணத்தை என்ன செய்ய? வழி கண்டுபிடித்தது இவர்தான். அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சண்டை உச்சிக்கு வந்ததும் எழுந்தார், நேரே அவள் முன்னால் போய் நின்றார், கோபம் இறங்காத அதே குரலில் கத்தினார்: "நான் டீ குடிக்கப் போறேன்! ஜங்ஷன் வரைக்கும்தான் போறேன்! பழம்பொரி வாங்கிட்டு உடனே வருவேன்! உனக்கு ரெண்டு, அந்தப் பேய்க்கு ஒண்ணு! செருப்பக் கொண்டா!"

அவள் யோசித்தாள். "எப்ப வரும்?"

"டீ ஆறுறதுக்குள்ள!"

போய் ஒரு செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மற்றது எங்கே என்று கேட்டால், அது வந்த பிறகு என்கிறாள். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே போனார், பாவம். டீக்கடையில் கேட்டதற்கு, காலில் ஆணி என்று சொல்லிச் சமாளித்தாராம். அவர் திரும்பும்வரை வாசற்படியை விட்டு அவள் நகரவில்லை. இப்படியே ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. கோபித்துக்கொண்டு வெளியே போக வேண்டும் என்றால் அவளிடம் அனுமதி வாங்கிச் செருப்பை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கொஞ்ச நாளில் இரண்டு செருப்பும் கொடுக்க ஆரம்பித்தாள், ஆனால் ஒளித்துவைப்பதை மட்டும் விடவில்லை. இடையில் எப்போதோ அங்கிள் மாமாவாகவும் நான் அத்தையாகவும் ஆகியிருந்தோம். ஒரு நாள் தயிர்சாதத் தட்டைத் தள்ளிவிட்டு, "நெத்திலி இல்லாம இது ஆரு தின்னும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். தொண்டை எங்களுக்குச் சளைத்தது இல்லை. நான் மனசார ஒரு சண்டை போட்டேன் அவளோடு. கொன்னுருவேன் என்று மட்டும் சொல்லவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டு.

விடுமுறை முடிகிற சமயம் ஆபீசர் மறுபடியும் வந்தாள். நீட்டிப்பதா, திருப்பி அனுப்புவதா என்று அவள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் மேலே முடிவு செய்வார்கள். குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். நாங்கள் அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றோம். அங்கே ஏற்கெனவே மாமி நின்றுகொண்டிருந்தாள், பின்வாசல் வழியாக வந்து.

"கவலையே படாதேங்கோ," என்று காதோடு சொன்னாள். "கொழந்தைக்கு நேத்தே எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன்."

எனக்கு உயிர் போய்விட்டது. "என்ன மாமி சொல்லிக் கொடுத்தீங்க?"

மாமி பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்னறையில் ஆபீசர் கேட்பது காதில் விழுந்தது. "இந்த வீடு எங்ஙனே, மோளே?"

"தங்கமான குடும்பம்," என்றாள் அவள், ஒப்பிக்கிற குரலில். "சத்தமே கேட்காது."

இவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் மாமியின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன், வளையல் அழுந்தியிருக்கும். ஆபீசர் ஒன்றும் எழுதாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நிஜமாயிட்டும்?"

"இல்ல," என்றாள் அவள். "அது மாமி சொல்லச் சொன்னது. இங்க எப்பவும் சத்தம்தான். அத்தை கத்தும், மாமா கத்தும். நானும் கத்தும்."

"அப்ப உனக்குப் பேடி இல்லே?"

"முன்ன உண்டு." கிரேயான் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. "இவங்க சண்டை போடுவாங்க. ஆனா ஆரும் போக மாட்டாங்க. டீ குடிக்க மட்டும் போவாங்க."

அடுப்படியில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமிதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். "எத்தனை அழகாச் சொல்லிக் கொடுத்தேன்," என்றாள் அழுதுகொண்டே. "இப்படிப் பட்டுன்னு உண்மையைச் சொன்னா நாளைக்கு இவளை யார் கட்டிப்பா?"

ஆபீசர் கிளம்பினாள். மேலே அனுப்ப வேண்டும், உத்தரவு வர வேண்டும் என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறின பிறகு திரும்பி, "சேச்சி, பக்கத்து ஸ்கூல்ல சீட் உண்டான்னு கேட்டு வைங்க. யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கத் தாமசம் வேண்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது போதுமே. பாயசம் வைக்கலாம் என்றேன் நான். சேமியா என்றார் இவர். நல்ல நாளும் அதுவுமாகச் சேமியாவா, அரிசி அடை போட்ட பாலடைப் பாயசம் என்றேன் நான். பாலடைக்கு எங்கே போவது என்றார். கடைக்குத்தான் போவது, காலில்லையா என்றேன். அவ்வளவுதான். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கமாகத் தன் வீட்டுக்கு நடையைக் கட்டினாள். மிக்ஸி வந்தது, அவருடைய அக்கா வந்தாள், உப்பில்லாத அவியல் வந்தது. உச்சிக்கு வந்ததும் இவர் விருட்டென்று எழுந்தார். வழக்கம்போல அவள் முன்னால் போய், கையை நீட்டினார், செருப்புக்காக.

அவள் வரைவதை நிறுத்தவில்லை. தலையும் தூக்கவில்லை.

"வாசல்லதான் இருக்கு மாமா," என்றாள். "போயிட்டு வாங்க."